வலப்பக்கம் நின்ற அலமாரி

பிராகோவுக்குப் பத்து வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. குமாசி நகரத்துப் பன்டாமாவில் அவளும் அம்மாவும் குடியிருந்த ஒற்றை அறையில் கட்டிலைச் சேர்ந்தாற்போல ஒரு மாதம் ஒரே இடத்தில் விட்டுவைக்க மாட்டாள். புகைமீன் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு சந்தையிலிருந்து வரும் அம்மா டுஃபி, காலையில் வெறுந்தரையாக இருந்த இடத்தில் காலை வைத்து, கட்டிலில் விரலை இடித்துக்கொண்டு கத்துவாள்.

“வீடாடி இது, பஸ் ஸ்டாண்டா? தினம் ஒண்ணு இடம் மாறுது!”

மகளுக்கு உறைக்காது. அடுத்த வாரம் மேசை ஜன்னலோரம் போயிருக்கும்.

இப்படிப்பட்டவளை நர்ஸாக்கிப் பார்க்க வேண்டும் என்று டுஃபி ஒற்றைக் காலில் நின்றாள். யார் யார் காலிலோ விழுந்து, வெளியூர் நர்ஸிங் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கிவிட்டாள். பிராகோவும் ஒரு வருடம் படித்தாள். ஊசிக்கோ ரத்தத்துக்கோ அவள் பயப்படவில்லை. வார்டில் கட்டில்களை எப்படித் திருப்பிப் போட்டால் காற்று வரும் என்று யோசித்தபடி நின்று, மருந்து கொடுக்கும் நேரத்தைக் கோட்டை விட்டாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நான்காவது தடவை யாராவது சாகலாம் என்று அவளுக்கே பயம் வந்தது. பெட்டியைக்கூட எடுக்காமல் விடுதியை விட்டுக் கிளம்பினாள்.

குமாசிக்குத்தான் திரும்பி வந்தாள், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. சொகோபான் மரப்பட்டறைகளில் போவாடு என்ற தச்சனிடம் மெத்தை தைக்கச் சேர்ந்து, அவன் தங்கையின் அறையில் படுத்துக்கொண்டாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வாள். “இந்த வாரம் என்னடி படிச்சே?” என்று கேட்டால், “எலும்பு” என்பாள். மூன்று மாதமாக எலும்புதான். மனித உடம்பில் இத்தனை எலும்பா என்று டுஃபி அதிசயித்துப் போயிருந்தாள்.

அந்தப் பொய்யிலிருந்து கௌரவமாக வெளியே வர ஒரே ஒரு வழி தெரிந்தது. இளைஞர்களுக்கான வீட்டு உள்ளலங்காரப் போட்டி. முதல் பரிசு, அலங்காரப் படிப்பில் இரண்டு வருடம் இடம், தங்கலும் சாப்பாடும் இலவசம். இரண்டாவதாக வருகிறவருக்குச் சான்றிதழும் கைதட்டலும் மட்டும். முதல் பரிசோடு போய் நின்றால் அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாம். வெறுங்கையோடு சொன்னால், அடுத்த திங்கட்கிழமையே காதைப் பிடித்து இழுத்துப்போய்க் கல்லூரி வாசலில் தள்ளிவிடுவாள். டுஃபி சொன்னதைச் செய்கிறவள்.

பெரிய கூடத்தில் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பிளைவுட் அறைகள். ஒவ்வொன்றையும் இரண்டு நாளில் குடும்பத்து வரவேற்பறையாக்க வேண்டும். மூன்று சுவர்தான் முதலில் நிற்கும். கதவு வைத்த முன்சுவரைக் கடைசி நாள் காலையில் போட்டி நடத்துகிறவர்களே பொருத்துவார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நடுவர்கள் விருந்தாளிகளாக வருவார்கள். வீட்டு ஆட்களாக உதவியாளர்களை உட்காரவைத்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வந்த விசேஷம் கேட்டு உபசரிக்க வேண்டும். முன்கூட்டியே வரைந்து கொடுத்த படத்தில் காட்டிய சாமான் எதுவும் குறையவும் கூடாது, பட்டியலில் இல்லாதது எதுவும் உள்ளே வரவும் கூடாது.

பிராகோவின் அறை, கண்படும் அளவுக்கு இருந்தது. பின்சுவரிலும் வலது சுவரிலுமாக வளைந்து போகும் பெஞ்சு, அதன்மேல் அவளே தைத்த மண்ணிற மெத்தை. பெஞ்சின் வலக்கோடியில், சுவரிலிருந்து அறைக்குள் நீட்டிக்கொண்டு ஆளுயர அலமாரி. ‘ஓடும்’ என்ற உறுதியான காட்டு மரத்தில் போவாடு மூன்று வாரம் இழைத்தது. பசை தடவி, ஆறு திருகாணி போட்டுச் சுவரோடு முடுக்கியிருந்தான். எதிர் அறைக்காரர்கள்கூட வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு போனார்கள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு எல்லாம் முடிந்திருந்தது. போவாடுவும் விளக்கு மாட்டிய இரண்டு பேரும் பெஞ்சில் சாய்ந்து, வாச்சே என்ற காராமணிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிராகோ கடைசியாக மெத்தையின் ஓரத்தை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். கதவருகில் அம்மா நின்றாள்.

சந்தைக்குக் கட்டும் துணி இல்லை, கோயிலுக்குக் கட்டும் துணி. தோளில் மேல்துணி. கண்ணில் தீ.

“காலைல ரேடியோல உன் பேரைச் சொன்னான்” என்றாள் டுஃபி. “பன்டாமா பிராகோன்னான். என் மக காலேஜ்ல எலும்பு படிக்கிறா, இது வேற எவளோன்னு பக்கத்துக் கடைக்காரிகிட்ட சத்தியம் பண்ணேன்டி.”

பிராகோ பெஞ்சில் இடம் காட்டினாள். “உள்ள வாம்மா. உட்காரு. எல்லாம் சொல்றேன்.”

டுஃபி அசையவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தாள், எடுத்துக்கொண்டாள். அறையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். பெஞ்சில் இருந்த மூவரும் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கை கழுவத் தயாரானார்கள். அவள் மறுபடி காலை வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

இவ்வளவு வெறுத்துவிட்டாளா, நான் செய்த அறையில் கால் வைக்கக்கூட மனம் இல்லையா என்று பிராகோ நினைத்தாள். “கோபத்தை அப்புறம் வச்சுக்கம்மா. நாலு பேர் பாக்குறாங்க. வா.”

“கோபம் இருக்குடி, நிறைய இருக்கு. அது வேற. எப்படி வர்றதுன்னு சொல்லு முதல்ல. மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. வலக்கோடிலதானே இந்த மரத்தை நிறுத்தி வச்சிருக்கே? நான் எங்கேருந்து கை குடுக்க ஆரம்பிப்பேன்? இடது பக்கத்துலேருந்தா? என்னை என்ன வளர்ப்பு கெட்டவன்னு நினைச்சியா?”

பிராகோ திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைகிறவர், இருக்கிறவர்களுக்குத் தன் வலக்கைப் பக்கத்துக் கோடியில் தொடங்கி வரிசையாகக் கை கொடுத்து இடக்கோடியில் முடிக்க வேண்டும். அசாந்தி இனத்து வீட்டுப் பிள்ளைகள் நடை பழகும்போதே பழகுவது இது. அவளும் பழகியவள்தான். ஆனால் இந்த அறையின் அமைப்பைப் போனில் பார்த்த ஏதோ குளிர்தேசத்து வீட்டிலிருந்து எடுத்திருந்தாள். அங்கே வாசலில் நின்று எல்லாருக்குமாக ஒரு தலையாட்டல் போதும் போல. இரண்டு நாளும் அறைக்குள் வந்தவர்கள் சுத்தியலோடும் ரம்பத்தோடும் வந்தார்கள். விருந்தாளியாக ஒருவரும் வரவில்லை. இப்போது வலக்கோடிக்குப் போவதென்றால் அலமாரியைச் சுற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலை உரசிக்கொண்டு, கை கொடுக்காமலே அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். அது இடது பக்கம் தொடங்குவதைவிட மோசம்.

“அண்ணே, அலமாரியைக் கழட்டணும்” என்றாள்.

போவாடு சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். “பைத்தியமா உனக்கு? அம்பது நிமிஷம் இருக்கு. பரிசு வாங்கித் தரப்போறதே அதுதான்.”

“நடுவருங்க வாசல்லயே நின்னுடுவாங்கண்ணே.”

“நிக்கட்டும். நின்னு அலமாரியைப் பார்க்கட்டும். படத்துல இருக்கிற சாமான் காணோம்னா மார்க்கு போயிடும், தெரியும்ல? என் மூணு வாரத்தை நான் என் கையால பிடுங்க மாட்டேன்.”

பிராகோ ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். முதல் திருகாணியே அசையவில்லை. கை வழுக்கி மரத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. போவாடு பல்லைக் கடித்தான். இரண்டாவது முறை வழுக்கியபோது எழுந்து வந்தான். “தள்ளு. மரத்தைக் கொல்றதுக்குன்னே பொறந்திருக்கா. அந்தப் பெரிய முனை டிரைவர் எங்கே?”

ஆறு திருகாணியைக் கழற்ற இருபது நிமிடம் ஆனது. பசை விடவில்லை. நான்கு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். விட்டபோது சுவரையும் உரித்துக்கொண்டு வந்தது. அலமாரி கூடத்து நடைபாதையில் போய் நின்றது. வலது சுவரில் ஆறு ஓட்டைகளும் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசலும் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தன. மூடுவதற்குப் பட்டியலில் ஒரு துண்டுத் துணிகூட மீதமில்லை.

டுஃபி தோளில் கிடந்த மேல்துணியை உருவி வாசலிலிருந்தே நீட்டினாள். “தொங்க விடு.”

நல்ல துணி. அந்த மண்ணிறத்துக்கு எடுத்துவைத்தாற்போல் பொருந்தும். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று ஒரு கணம் பிராகோவின் கை நீண்டது. மடக்கிக்கொண்டாள். “வேணாம்மா. பட்டியல்ல இல்லை.”

“ஓ. இதுலயாவது பொய் வேணாம்னு இருக்கே” என்று டுஃபி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் திருமதி டோங்கோர், குமாசியில் பாதி வீடுகளுக்கு நாற்காலி விற்றவர். கதவைத் தாண்டியவர் யோசிக்கவே இல்லை. கால் தானாக வலக்கோடிக்குப் போனது. விளக்குக்காரர்கள், போவாடு, கடைசியில் பிராகோ என்று கை கொடுத்து முடித்து உட்கார்ந்தார். பிராகோ தண்ணீர் கொடுத்தாள். வந்த விசேஷம் கேட்டாள். திருமதி டோங்கோரின் கண் சுவரிலேயே இருந்தது.

“என்னம்மா இது, எலி கடிச்சுதா?”

“அலமாரி இருந்துச்சும்மா. ஒருத்தர் வந்தாங்க, வலக்கோடிக்குப் போக முடியாம வாசல்லயே நின்னுட்டாங்க. பிடுங்கிட்டேன்.”

“எப்போ?”

“இப்பத்தான்.”

“படம் வரையும்போது தெரியலையா?”

“தெரியலைம்மா.”

அந்த அம்மாள் ஏதோ எழுதினார். நிறைய எழுதினார்.

முடிவைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆக்கினார்கள். முதல் பரிசு தமாலே ஊரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு. வெறும் முக்காலிகளாகப் போட்டிருந்தான். எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பிராகோ இரண்டாவது. கைதட்டல் பலமாகவே இருந்தது. திருமதி டோங்கோர் மைக்கில், “இந்தப் பொண்ணு தப்பைத் தானே கண்டு தானே பிடுங்கிப் போட்டுது. ஆனா ஓட்டை ஓட்டைதான்” என்றார்.

பிராகோ தன் அறைக்குப் போய்ப் பெஞ்சின் இடக்கோடியில் உட்கார்ந்தாள். போவாடுவும் மற்றவர்களும் அவளுக்கு வலப்பக்கமாக வரிசையில் உட்கார்ந்தார்கள். சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

கதவில் நிழல் விழுந்தது. டுஃபி உள்ளே வந்தாள். நேராக வலக்கோடிக்குப் போனாள். முதல் விளக்குக்காரனுக்குக் கை கொடுத்து நலம் கேட்டாள். இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தாள். போவாடுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அலமாரி நல்லாத்தான்பா இருந்துச்சு” என்றாள். அடுத்தது பிராகோ.

பிராகோ எழுந்து கையை நீட்டினாள். டுஃபி கையைக் கொடுக்காமல் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எலும்பெல்லாம் படிச்சு முடிச்சாச்சா?”

பிராகோ தலையைக் குனிந்துகொண்டாள்.

“திங்கட்கிழமை காலைல முதல் வண்டிக்கு ரெடியா இரு. காலேஜுக்குப் போறோம்.”

“அம்மா, என்னால முடியாதும்மா. அங்க...”

“காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உன் பெட்டியை அங்கேயே போட்டுட்டு வந்திருக்கியே, எடுக்க வேணாமா? என் நல்ல போர்வை அதுல இருக்கு” என்ற டுஃபி, நீட்டியபடியே இருந்த அந்தக் கையைப் பற்றினாள். “எடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துடலாம். நீ போனதுலேருந்து கட்டில் ஒரே இடத்துல கெடக்கு.”