ப்ளாஷ் போடாத படம்

என் சித்திக்கு ப்ளாஷ் என்றாலே ஆகாது. இருட்டில் எந்தக் கட்டிடத்தை எடுத்தாலும் அங்கே இருக்கிற வெளிச்சமே போதும் என்பாள். ப்ளாஷ் பழுதானதை மறைக்கத்தான் இந்தக் கொள்கை என்று அப்பா கிண்டல் செய்வார். ஆனால் கண்டியில் நாங்கள் தினமும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகும் சுவர்களை அவள் படத்தில் பார்த்தால், இது நம்ம ஊரா என்று அவரே வாயைப் பிளப்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மார்க்கெட் பக்கம் இருந்த, வளைவுகள் வைத்த பழைய கந்தோர்க் கட்டிடம் ஒன்றைக் கண்காட்சிக்காக எடுக்கப் போனாள். பொழுது சாய்ந்த நேரம், நானும் ஒட்டிக்கொண்டேன். எப்படியாவது அந்தப் படத்தில் விழுந்துவிட வேண்டும். வகுப்பில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டும் விட்டேன்.

என்னைக் கூட்டிப்போக அம்மா நேராக அங்கேயே வந்தாள். பல்லேகலயில் ஒரு கார்மன்ட் தொழிற்சாலையில் காலையிலிருந்து நின்றபடியே துணியில் பிழை பார்க்கிற வேலை அவளுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கியவள் கந்தோர்ப் படியில் உட்கார்ந்து, தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு தெருவிளக்கு, எதிரே சைவக்கடையின் டியூப் லைட், அவ்வளவுதான் வெளிச்சம். சித்தி கேமராவை முக்காலியில் பூட்டி, பொத்தானை அழுத்திவிட்டு, உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஆட்கள் குறுக்கே போகிறார்களே என்றேன். போகட்டும் என்றாள். எனக்கு அது போதாதா? கேமரா என்னைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று, அவள் எண்ணி முடிக்கும் வரை கையை ஆட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன்.

கண்காட்சியில் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். வளைவுகளைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. என் சித்தி எடுத்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்கள் போன இடத்தில் சிவப்புக் கோடுகள். தெருவில் ஒருவரும் இல்லை, நானும் இல்லை. படியில் அம்மா மட்டும், மடியிலிருந்த பையின் வார் வரைக்கும் அத்தனை தெளிவாக.

இப்படிக் கேமராவை வெகுநேரம் திறந்துவைத்து எடுத்தால் அசைகிறவர்கள் கரைந்துபோவார்கள், அசையாதவர்கள்தான் தங்குவார்கள் என்று சித்தி விளக்கினாள். நான் அழுதேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கொஞ்சங்கூட அசையலையா?"

"இல்லக்கா" என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்து, அசையாமல் இருக்கிற அந்த வித்தையை எனக்கும் சொல்லித்தரச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன்.

"அது நீ கத்துக்க வேணாம்மா" என்றாள்.

சொந்த மகளுக்குச் சொல்லித்தரக்கூட மனமில்லையே என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.