கேப்ஸ் லாக் விளக்கு சொன்ன பொய்

பிள்ளைகளா, இந்த மஸ்கட் கிடங்கில் நான் உட்காரும் கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே தனி மெஷின். விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். சரக்கு விவரமெல்லாம் அதில்தான். கீபோர்டு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கிறது, நிதானமாகத்தான் பாஸ்வேர்டு அடிக்கிறேன், தப்பு என்கிறது. மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும். ஒரே வாரத்தில் இரண்டு முறை பூட்டிக்கொண்டது. மேலாளரை இங்கே முதீர் என்பார்கள். அவர் எல்லார் முன்னாலும் கையை உதறினார். “டைப்பிங் மாஃபி! இன்னொரு முறை பூட்டினால் லோடிங்குக்குப் போ.”

மாஃபி என்றால் இல்லை. எனக்கா டைப்பிங் தெரியாது? பத்தாவதோடு படிப்பு நின்றாலும், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவன் நான். அங்கே ஒரு மெஷினில் மாற்றி மாற்றி உட்காருவோம். பெரிய எழுத்துக்குப் போட்ட ஷிஃப்ட் லாக்கோடு யாராவது எழுந்தால், “லாக்கை எடுத்துட்டு எழுந்திருப்பா, அடுத்த ஆளு குந்தணும்ல?” என்று மாஸ்டர் அதட்டுவார். அந்தப் பழக்கம் இன்றும் என் விரலை விடவில்லை.

மறுநாள் காலை இரண்டு தடவை தப்பாகிவிட்டது. மூன்றாவதற்குக் கையைத் தூக்கினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாபு, சின்ன காஞ்சிபுரத்துப் பையன், தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தான்.

“இன்னாண்ணா, உன் பாஸ்வேர்டுக்கே உன்ன புடிக்கலையா?”

“போடா, நீ வேற.”

“இருண்ணா, அடிக்காத! உன் பேரைப் பாரு, எல்லாம் பெரிய எழுத்தா வுழுந்துக்கினு இருக்குது. லைட்டு எரியவேயில்லையே!”

அப்போதுதான் புரிந்தது. லேபிளில் முகவரி பெரிய எழுத்தில் வேண்டும் என்று உள் ஜன்னலில் கேப்ஸ் லாக் போடுவேன்; விளக்கும் எரியும். எழுந்திருக்கும்போது ஜன்னலைச் சுருக்கிவிட்டு, மரியாதையாக லாக்கை எடுப்பேன். வெளி மெஷின் கேட்டுக்கொண்டு விளக்கை அணைத்தது. உள் மெஷினுக்கு அந்தத் தட்டு போய்ச் சேரவே இல்லை. அது பெரிய எழுத்திலேயே நின்றது. அடுத்தவருக்காக நான் செய்த நல்ல காரியம் என் கழுத்துக்கே வந்தது.

நீங்களும் இதில் மாட்டினால் விளக்கை நம்பாதீர்கள். உள் ஜன்னலில் கிளிக் செய்து, பெயர்க் கட்டத்தில் ஓர் எழுத்து அடித்துப் பாருங்கள். பெரிதாக விழுந்தால் அங்கேயே கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதனால் வெளியே விளக்கு எரிந்தால், வெளியே கிளிக் செய்து இன்னொரு தட்டு. கீபோர்டின் வலப்பக்க எண்கள் விழாமல் கர்சர் ஓடினால், அந்த எண்களுக்கான Num Lock விசைக்கும் இதே வைத்தியம்தான்.

முதீரிடம் போய், “அவுட்சைட் லைட் நோ, இன்சைட் கேபிடல்” என்றேன். அவர் கூரையில் இருந்த டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார். பாபுவுக்குச் சிரிப்பு, எனக்கு ரத்தம் கொதித்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்தார். “குட், ஹிந்தி” என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். நாற்காலி தப்பியது. எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை அவர் ஒருவர் முன்னால்கூடத் திரும்ப வாங்கவில்லை.

இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் இங்கே ஹிந்திதான். எனக்கு அந்தப் பாஷையில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. லீவில் வந்தால் நம் தெருவில் நான் மஸ்கட்காரர். பாஸ்வேர்டு சரியாகிக் கதவு திறந்ததும் ‘வெல்கம், ஏகாம்பரம்’ என்று என் பெயரைச் சொல்வது அந்த உள் மெஷின் ஒன்றுதான். அதுவும் ஐந்து நிமிடம் கை ஓய்ந்தால் மறுபடி நீ யார் என்று கேட்கிறது.