பர்ஸானாவின் கணினி கேட்ட பெயர்

மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் இரண்டு கமராக்கள் ஓடும். ஆண்கள் பக்கத்தை யாரும் எடுக்கலாம். பெண்கள் பக்கத்துக்குப் பர்ஸானா வருவாள். கறுப்பு அபாயா, தோளில் கனத்த பை, ஓடியாட வசதியான சப்பாத்து. கதவு சாத்தப்பட்டு மணமகளின் முக்காடு இறங்கிய பிறகு நடப்பதையெல்லாம் எடுப்பாள். எடுத்ததைத் தன் வீட்டில் தானே வெட்டித் தொகுத்து, மணமகளின் தாய் கையில் கொடுப்பாள். வேலை பேச வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒரே வசனம்: "ஆம்புள கண் படாது."

அவளைவிட நன்றாக எடுக்கிற பெண்கள் கண்டியில் இருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். நாலந்தாவிலிருந்தும் கலேவெலயிலிருந்தும் அவளைக் கூப்பிட்டது அந்த வசனத்துக்காகத்தான்.

அவளுடைய கணவர் ஸக்கரியா ஆண்கள் பக்கத்துக் கமராக்காரர். ஒரே வீடு, ஒரே கணினி. அவள் வேலையில் இருக்கும்போது அவர் தன் சொந்த வீட்டின் அறைக் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்பார். அவள் திரையை அணைத்த பிறகுதான் உள்ளே வருவார். மூன்று வருடங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். அவருடைய போனை அவருடைய தம்பி றம்ஸி கேட்டு வாங்கிக்கொண்டான். கணினி அவளிடம் இருந்தது.

போன வருடம் அந்தக் கணினி முடங்கத் தொடங்கியது. இப்போதைய கமராக்களின் வீடியோவை அது தாங்கவில்லை. ஒரு கல்யாணத்தைத் தொகுத்து வெளியே எடுக்க ஒரு பகலும் இரவும் ஓடியது. மாத்தளையின் திருகோணமலை வீதியில் கணினிக் கடை வைத்திருக்கும் நிமலனிடம் புதிது ஒன்றைக் கட்டித் தரச் சொன்னாள். நிமலன் அவளுடைய பழக்கம் அறிந்தவன். திருத்தக் கொண்டுவரும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டு அலுமாரியில் பூட்டிவிட்டு, மிச்சப் பெட்டியை மட்டும் கொண்டுவருவாள்.

"நெஞ்சக் கழட்டி வச்சிட்டு ஒடம்ப மட்டும் கொண்டு வர்றீங்களேக்கா" என்று அவன் சிரிப்பான். ஆனால் டிஸ்க் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் மெனக்கெட்டுக் கட்டினான். செங்கல் அளவு கிராபிக்ஸ் கார்ட், கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி, உள்ளே நிறம் மாறும் மின்விசிறிகள். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று அவள் அந்த வெளிச்சத்தை மட்டும் அணைக்கச் சொன்னாள்.

"எந்த சிஸ்டம் போடட்டும்க்கா?"

"பழசு மாதிரியே இரிக்கிறதப் போடுங்க தம்பி."

"பழசுக்கு இனி அப்டேட் வராதுன்னுட்டாங்க. விண்டோஸ்லயே புதுசு போடலாம், அது ஈமெயில் கணக்கு கேக்கும். இல்லாட்டி லினக்ஸ் இருக்கு. நீங்க யாரு என்னன்னு அது கேக்காது. ஆனா பழகணும்."

"இந்த வயசில புதுப் பாஷை படிக்க ஏலாது."

"முப்பத்தெட்டு ஒரு வயசாக்கா?"

"சீசன் வருது தம்பி. அதுதான் வயசு."

அவன் விண்டோஸைப் போட்டான். பெட்டியோடு ஒரு பென் டிரைவையும் கொடுத்தான். "லினக்ஸ் இதுல இருக்கு. மனசு மாறினா ஒரு போன் போடுங்க."

வீட்டில் கணினியைத் திறந்ததும் அது கணக்கைக் கேட்டது. பர்ஸானாவுக்குச் சொந்தமாக ஒன்று இருந்ததில்லை. வீட்டுக்கே ஒன்றுதான், ஸக்கரியா தொடங்கியது. கடவுச்சொல் அவளுக்கு மனப்பாடம். அதைப் போட்டதும், உறுதிப்படுத்தும் இலக்கத்தைப் போனுக்கு அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. அந்தப் போன் தம்புள்ளை எகனமிக் சென்டர் மொத்தச் சந்தையில் வெங்காயம் விற்கும் றம்ஸியிடம் இருந்தது. அவனை அழைத்தாள்.

"றம்ஸி, ஒங்கட போனுக்கு ஒரு நம்பர் வந்திரிக்கும். கொஞ்சம் வாசிங்க."

"லொறி ஒண்டு எறங்குது மதினி... ஆ, வந்திரிக்கி." சத்தத்துக்கு நடுவே அவன் கத்தி வாசித்தான்.

திரை மாறியது. ஆங்கில எழுத்தில் ஸக்கரியாவின் பெயர், மேலே சின்ன வட்டத்துக்குள் அவருடைய படம். றிவர்ஸ்டனில் எடுத்தது, காற்றில் தலைமுடி ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்த பக்கங்களை வாசிக்காமல் ஆம், அடுத்தது என்று அழுத்திக்கொண்டு போனாள். அதில் ஒன்று, உங்கள் படங்களை இணையத்தில் பாதுகாப்பாக வைக்கட்டுமா என்று கேட்டது. பாதுகாப்பு என்ற சொல் மட்டும் அவள் கண்ணில் பட்டது. அதற்கும் ஆம்.

முதல் வேலை கலேவெலயில் நஸ்மியாவின் மூத்த மகள் மபாஸாவின் கல்யாணம். படங்களையும் வீடியோவையும் புதிய கணினியில் ஏற்றினாள். ஒரு நாள் ஓடியது ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. அவள் மகிழ்ந்தாள்.

மறு வாரம் றம்ஸி அழைத்தான்.

"மதினி, நானாட போன் நெறஞ்சிட்டு நெறஞ்சிட்டு எண்டு ஒரே கரச்சல். எதையாச்சும் அழிப்பம் எண்டு தொறந்தன்..."

"தொறந்து?"

"ஒரு கல்யாணப் பொண்ணு. முக்காடில்லாம. வல்லாஹி, ஒண்டத்தான் பாத்தன். போனக் கவுத்து வெங்காய மூட்டைக்கடியில வச்சிட்டேன்."

"மூட்டைக்கடியில வச்சா அழியுமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"பக்கத்தில யாரு நிண்ட?"

"மூட்ட தூக்குற நாட்டாமி ஒருத்தன். அவன் தராசத்தான் பாத்துக்கிட்டு நிண்டான்." கொஞ்சம் பொறுத்து, "எண்டுதான் நெனக்கிறேன்" என்றான்.

போனை அணைத்துக்கொண்டு உடனே பஸ் ஏறச் சொன்னாள். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு நிமலனுக்கு அழைத்து, நடந்ததைச் சொன்னாள். அவன் விளக்கினான். கணினியில் வைத்த படங்களை அந்தக் கணக்கு மேலே ஏற்றியிருக்கிறது. அதே கணக்கில் இருக்கும் போனிலும் அவை தெரியும். இலவச இடம் சின்னது என்பதால் சில நூறு படங்களோடு நிறைந்து நின்றுவிட்டது. வீடியோ ஏறவில்லை.

றம்ஸி வாசலுக்கு வெளியே நின்று போனை நீட்டினான். "அழிச்சிட்டா முடிஞ்சி மதினி. ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நாட்டாமிக்கு?"

"அவனுக்குக் கலேவெலயில யாரத் தெரியும்?"

பர்ஸானா போனை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை கலேவெல பஸ்ஸில் ஏறினாள்.

நஸ்மியா பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். வீடியோ முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். பர்ஸானா கோப்பையைத் தொடாமல், இலக்கம் கேட்டதிலிருந்து வெங்காய மூட்டை வரைக்கும் சொல்லி முடித்தாள்.

"ஆம்புள கண் படாது எண்டீங்க" என்றாள் நஸ்மியா.

"ஓ. செல்லித்தான் இரிக்கேன்."

"பட்டிட்டு."

"பட்டிட்டு."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மபாஸாவின் குரல் கேட்டது. "எந்தப் படம் ராத்தா அவர் பாத்த?"

"சீப்பக் கடிச்சிக்கிட்டு நிக்கிறது. போன்ல முதல்ல நிண்டது அதுதான்."

"யா அல்லாஹ், அதையா! அதில நான் நல்லாவே இல்லையே!"

"வாய மூடுடி!" என்று தாய் அதட்டினாள். பிறகு எழுந்து அபாயாவை எடுத்தாள். "அழியிறத நான் கண்ணால பாக்கணும். வாங்க."

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

கொங்காவெலயில் பர்ஸானாவின் வீட்டில் கணினியைத் திறந்ததும் ஸக்கரியாவின் படமும் பெயரும் வந்தன. நஸ்மியா திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"இது யாரு?"

"எங்கட அவர்."

"மௌத்தானவர்ட பேர்லயா எங்கட பிள்ளட படம் கெடந்திச்சு?"

பர்ஸானாவின் கை மவுஸில் நின்றது. "உசிரோட இரிக்கக்குள்ள அவர் ஒண்டயும் பாக்கல. கதவத் தட்டிட்டுத்தான் வருவார்" என்றாள். நஸ்மியா பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

பர்ஸானா இணைய வயரைக் குத்தி, மேலே ஏறியிருந்த படங்களை அழித்தாள். குப்பைக் கூடைக்குள் போனவற்றையும் அழித்தாள். போனிலிருந்து கணக்கை வெளியேற்றினாள். ஒவ்வொன்றையும் நஸ்மியாவுக்குக் காட்டினாள். பிறகு நிமலனை அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி போனின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"நெட்டப் புடுங்கிட்டு, கணக்கே இல்லாம அதே சிஸ்டத்தத் திரும்பப் போடலாம்க்கா. ஒங்களுக்குப் பழகினது" என்றான் அவன்.

"எனக்கு என்னயத் தெரியும் தம்பி. சீசன் அவசரத்தில ஒரு நாள் வயரக் குத்துவேன். அது திரும்பக் கேக்கும். நான் திரும்ப ஓ எண்டு அமத்துவேன். கேக்காததப் போடுவம்."

"ஒங்க எடிட்டிங் அதுலயும் ஓடும். கமரா வீடியோவ முதல்ல வேற ஃபார்மட்டுக்கு மாத்தித்தான் போடணும். ஆல்பம் செய்ற சாப்ட்வேர் ஓடாதுக்கா, வேற படிக்கணும்."

"படிப்பம்."

பென் டிரைவைக் குத்தினாள். கல்யாணத்தின் மூலப் பிரதி அலுமாரியில் பூட்டிய இன்னொரு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. ஆங்கிலத்தில் வந்த ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்து, தமிழில் சொன்னாள்.

"இப்பத்தான் வாசிக்கிறீங்க" என்றாள் நஸ்மியா.

"ஓ. இப்பத்தான்."

டிஸ்கில் உள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா என்று ஒரு பக்கம் கேட்டது. அதை அவள் இரண்டு தடவை வாசித்தாள். அழுத்தினாள். கோடு மெதுவாக நிரம்பியது. அஸருக்குப் பாங்கு சொல்லவும் நஸ்மியா தொழப் போனாள். அவள் திரும்பி வந்து உட்காரும்போது திரை ஒரு பெயரைக் கேட்டது. பர்ஸானா தன் பெயரை அடித்தாள். வட்டத்துக்குள் முகம் இல்லாத சாம்பல் நிழல் ஒன்று வந்தது.

மபாஸாவின் வீடியோ நல்லபடி முடிந்தது. ஆல்பத்தில் மட்டும் சில பக்கங்கள் கோணலாக வந்தன. நஸ்மியா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் இளைய மகளின் கல்யாணத்துக்குக் குருநாகலிலிருந்து வேறொருத்தியைக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு வேலை பேச வருகிறவர்களிடம் பர்ஸானா பழைய வசனத்தைச் சொல்வதில்லை. "ஆம்புள கண் படாமப் பாத்துக்குவேன். ஒரு தடவ பட்டிரிக்கி" என்று தொடங்கி, மணமகளின் பெயரை விட்டு மற்றதைச் சொல்வாள். சிலர் பாதியில் எழுந்து போனார்கள். சிலர் முழுவதும் கேட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். போன சீசனில் வேலை பாதியாகக் குறைந்தது.

கடைசியாக வந்தவள் நாலந்தாக்காரி. கேட்டுவிட்டு அறைக்குள் எட்டி, இணைய வயரில்லாத கணினிப் பெட்டியைப் பார்த்தாள்.

"நீங்க செல்லாட்டி எங்களுக்குத் தெரிய வராதே?"

"வராதுதான்" என்றாள் பர்ஸானா. "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அந்தப் பெண் நிதானமாகக் குடித்து, கோப்பையை வைத்துவிட்டு, கல்யாணத் திகதியைச் சொன்னாள்.