கமலவேணி விற்ற காந்த மெத்தை

குமாரபாளையத்துக் கமலவேணி பல வருஷம் தறிப்பட்டறையில் நின்று முழங்கால் போனவள். காந்த மெத்தையில் படுத்த பிறகு வலி குறையவே, கம்பெனிக்காரர்கள் சொன்னதை நம்பி ஊர் ஊராகப் போய் அதை விற்க ஆரம்பித்தாள். காந்தம் ரத்தத்தை நன்றாக ஓட வைக்கும், சோர்ந்த செல்லுக்கு உயிர் கொடுக்கும் என்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கணவர் குமரகுருவுக்கு இடுப்பில் எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் எடுக்க நாமக்கல் போயிருந்தார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரா என்று நர்ஸ் கேட்டாள். வைத்திருந்தால் என்ன என்று கமலவேணி சும்மாதான் கேட்டாள். இதயத்தைத் துடிக்க வைக்கும் அந்தக் கருவி காந்தம் பட்டால் நிலைமாறிவிடும், சின்னக் காந்தத்தைக்கூட அதன் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்றாள் நர்ஸ்.

கமலவேணிக்குத் தன்னிடம் மெத்தை வாங்கிய ஒருவர் ஞாபகம் வந்தது. பரமத்தி வேலூர் வெற்றிலைக்காரர் அப்புசாமி வாங்கிய அன்று சட்டையைக் கழற்றிவிட்டு மெத்தையில் படுத்துப் பார்த்திருந்தார். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி போல ஒரு மேடு. ஏதோ கட்டி என்று விட்டுவிட்டாள்.

உடனே அப்புசாமிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. கணவரை ஸ்கேன் முடித்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அப்புசாமியின் தெருமுனையில் பந்தல் போட்டிருந்தார்கள். சாவுப் பந்தலோ என்று பயந்து எதிரே வந்தவரிடம் கேட்டாள். காதுகுத்து விசேஷம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்புசாமி மெத்தையில் குப்புறப் படுத்திருந்தார்.

"வா அம்மிணி. முதுகு தேவலாம். இப்படிப் படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. காந்தம் வேலை செய்யுதாட்ட இருக்குது."

"அண்ணா, மொதல்ல எந்திரிங்க. நெஞ்சுல மிஷின் வச்சிருக்கறீங்களா?"

ஆமாம் என்றார். அவர் மனைவி பாப்பாயி பதறிப்போய் அப்போதே கார் பிடித்தாள். கரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவியைச் சோதித்து முடிக்கும்வரை அவள் கமலவேணியின் முகத்தைப் பார்க்கவில்லை. கருவி பழுதாகவில்லை; காந்தம் நெருங்கும்போது மட்டும் வேகம் மாறியிருக்கிறது, விலகினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மெத்தையை வீட்டில் வைக்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

கமலவேணி தயங்கிக் கேட்டாள். "செல்லுக்கு நல்லதுன்னாங்களே, அதாச்சும் நெசங்களா?"

"அதுக்குச் சரியான ஆதாரம் இல்லீங்கம்மா. ஸ்கேன் மிஷின் காந்தம் இதைவிட எத்தனையோ மடங்கு பெருசு. அதுக்குள்ள போய்ட்டு வர்ற உடம்புலயே ஒரு மாத்தமும் இல்ல. ஆனா இவர் நெஞ்சுல இருக்கற பொட்டிக்கு இந்தக் காந்தமே ஜாஸ்தி."

அன்றோடு விற்பதை விட்டாள். வாங்கியவர்களுக்கெல்லாம் போன் போட்டு, நெஞ்சில் கருவி உண்டா என்று விசாரித்தாள். சிலர் ஏசினார்கள். ராசிபுரத்தில் கோகிலவாணி என்ற பெண்மணியின் நம்பர் மட்டும் உபயோகத்தில் இல்லை என்றே வந்தது. அவர் வீடு எந்தத் தெரு என்பதும் மறந்துபோயிருந்தது. மறுநாள் காலை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடை கடையாக அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கத் தொடங்கினாள்.