முந்நூற்றுப் பதினைந்து சுற்று

யசோதினி ஹேவாஹெட்ட தோட்டத்துப் பெண். கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, கடுகண்ணாவையில் மஹ்மூத் முதலாளியின் வேர்க்ஷொப்பில் ஏழு வருடங்களாக மில்லிங் மெஷினில் நிற்கிறாள். எந்த உலோகத்தை எத்தனை சுற்றில் வெட்டலாம் என்பதை நொடியில் கணக்குப் போட்டுவிடுவாள். போன மாதம் அந்தக் கணக்கே அவளைத் திண்டாட வைத்தது.

முதலாளி ஏலத்தில் எடுத்த பழைய மெஷின் வந்து இரண்டு நாள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்காக நான்கு ஸ்டெயின்லெஸ் தண்டுகளில் பள்ளம் வெட்ட வேண்டும். கணக்குப் போட்டதில், இருபது மில்லிமீற்றர் கட்டருக்கு நிமிடத்துக்கு முந்நூற்றுப் பதினெட்டுச் சுற்று வந்தது. வேக லீவரை, பக்கத்துத் தகட்டில் அதற்குக் கிட்டியிருந்த முந்நூற்றுப் பதினைந்தில் வைத்தாள். கால் மணி நேரத்தில் கட்டரின் பற்கள் சூட்டில் நீலம் பாய்ந்து மழுங்கிப் போயின.

திரும்பக் கணக்குப் போட்டாள். அதே விடை. புதுக் கட்டர் மாட்டி, தண்ணீரைத் தாராளமாக விட்டாள். அதுவும் போயிற்று. பக்கத்து லேத்தில் நின்ற ஷப்ராஸ், தண்டை மெதுவாக நகர்த்திப் பார்க்கச் சொன்னான். இன்னொரு கட்டர் மாட்டி நகர்த்தினாள், அது வெட்டாமல் உரசிக் கிறீச்சிட்டு மழுங்கியது.

"என்ன புள்ள, மூணாவதும் போச்சா?" என்றார் முதலாளி. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உலோகம் வேறா, கட்டர் போலியா, இத்தனை வருடமும் வெட்டியதெல்லாம் அதிர்ஷ்டத்தில்தான் சரியாக வந்ததா? பகல் சாப்பாட்டு நேரம். சும்மா லீவரை மாற்றி மாற்றி ஓட விட்டுக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பத்தில் வைத்தபோது எழுந்த சத்தம், இத்தனை வருடமும் அவள் நின்ற மெஷினின் முந்நூற்றுப் பதினைந்தைப் போலவே கேட்டது.

ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, சுழலும் தலையில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டாள். ஃபோனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினாள். தகட்டில் எண்பது, எண்ணியதில் நூற்றிருபது. நம்பாமல் இன்னொருமுறை எண்ணினாள். நூற்றிருபதுதான்.

பெல்ட் மூடியைக் கழற்றினால், மோட்டாரில் வேறு நிறத்தில் பெரிய கப்பி ஒன்று. அதுதான் எல்லா வேகத்தையும் ஒன்றரை மடங்காக்கியிருந்தது.

"கணக்கு சரிங்க முதலாளி. தகட்டுல இருக்கிறதுதான் பொய்."

லீவர் இருநூற்றுப் பத்துக்கு வந்தது. நான்கு தண்டுகளும் ஒரே கட்டரில் முடிந்தன. தகட்டின் மேல் டேப் ஒட்டிப் புது எண்களை எழுதினாள்.

ஆனால் மெஷினை முன்பு வைத்திருந்தவர்கள் அந்தக் கப்பியை எதற்காக மாட்டினார்கள் என்பது மட்டும் இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை.