முட்டையான சக்கரம்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர் ஒரே பம்பு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். பெரியவள், சின்னவள் என்று வீட்டில் கூப்பிட்ட பேரே ஆபீசிலும் ஒட்டிக்கொண்டது.

பெரியவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஆண்டுக் கூட்டத்தில் முதலாளி பேசப் பேச, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவது அவள்தான். அந்த நாற்காலியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள்.

இந்த வருஷம் கூட்ட அறையில் புதுத் திரை மாட்டினார்கள். சுவருக்குச் சுவர் அகலம். பெரியவளின் பழைய ஸ்லைடு நடுவில் சதுரமாக நின்றது. இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று காலி. “கல்யாண மண்டபத்துல ஒத்த ஆள் உக்காந்த மாதிரி இருக்கே!” என்று சிரித்த மேனேஜர், அறுபது ஸ்லைடையும் அகலமாக்கும் வேலையைச் சின்னவளிடம் கொடுத்தார். கூடவே நாற்காலியையும்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்தவள்! அவளைச் சிபாரிசு செய்து வேலையில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். போதாக்குறைக்கு வீட்டில் மாமியார், “சின்னவ கை பட்டா எதுவும் துலங்கும்” என்றாள். பெரியவள் சட்டியை ணங்கென்று வைத்தாள்.

அகலமாக்கியதும் படங்களெல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுவிட்டன. ஒவ்வொன்றையும் பிடித்து உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று நாள் கழுத்தொடிய உட்கார்ந்துவிட்டுச் சின்னவள் கேட்டாள்: “அக்கா, எனக்குக் கண்ணே பூத்துப்போச்சு. கடைசி வரைக்கும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்.”

பார்த்தாள். குற்றம் கிடைக்காதா என்றுதான் பார்த்தாள். பன்னிரண்டாவதில் கிடைத்தது: பம்பின் சக்கரம் முட்டையாகக் கிடந்தது. அதற்கு மேல் எதற்கு? “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று எழுந்துவிட்டாள். சபையில் அவள் மானம் போகட்டும், நாற்காலி தானாகத் திரும்பி வரும்.

கூட்டத்தில் பன்னிரண்டாவது வந்தது, போனது. ஒரு ஈ காக்கைகூடக் கவனிக்கவில்லை. பெரியவள் பல்லைக் கடித்தாள்.

கடைசி ஸ்லைடு வருஷா வருஷம் ஒருவருக்கு நன்றி சொல்வது. யாருக்கென்று மேனேஜர்தான் தீர்மானிப்பார். இந்த முறை சுவர் நிறையப் பெரியவளின் முகம்! மூக்கு சப்பையாகி, கன்னம் இரண்டும் பூசணிக்காயாய் உப்பி. சபை கொல்லென்று சிரித்தது.

சின்னவள் சட்டென்று படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். முகம் முகமானது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கா, அவளுக்கா என்றுதான் பெரியவள் மனசு கணக்குப் போட்டது.

சின்னவள் கண்கலங்கக் குனிந்து சொன்னாள்: “உங்க படத்தப் பாத்து சந்தோஷப்படுவீங்கன்னுதான்க்கா பாக்கக் குடுத்தேன். பாக்கலியா?”

“பன்னெண்டு வரைக்கும்தான் பாத்தேன். அதுல சக்கரம் முட்டையா இருக்கு. அதையும் சரி பண்ணு.”

நாற்காலி இப்போதும் சின்னவளுக்குத்தான். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, பெரியவள் அறுபதையும் ஒன்றுவிடாமல் பார்க்கிறாள். கண்ட குற்றத்தை அப்போதே, ஊருக்கே கேட்கச் சொல்லிவிடுகிறாள்.