ஆடாத படம்

தொண்ணூறுகளின் கடைசி. மாட வீதியில் காய்கறிப் பையோடு பத்தடி நடந்தால் போதும், என் கணவர் நின்றுவிடுவார். "மூச்சு வாங்கறதுடி" என்பார். ரிடையரான மனுஷனுக்கு உடம்பு வணங்கவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? கடைக்காரர் காதில் விழும்படி சொல்லவும் சொன்னேன்.

கால் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். எக்கோ ஸ்கேனில் இதயச் சுவர் தடித்துத் தெரிந்தது. பிரஷர் இல்லாதவருக்கு ஏன் தடிக்க வேண்டும், தசைக்குள் ஏதாவது படிகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மண்டைக்கும் முதுகுக்கும்தான் அதை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். இதயத்துக்கு எடுப்பது அப்போது அபூர்வம்.

அவரை மெஷின் குழாய்க்குள் தள்ளியதும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியனோடு நின்றேன். "மூச்சை அடக்குங்க சார், ஆடாதீங்க" என்று மைக்கில் சொன்னதும் உள்ளே அவர் முழங்கை மேலே போனது. படம் கலங்கிவிட்டது. டெக்னீஷியன் மறுபடி சொன்னார். மறுபடியும் கை முகத்துக்குப் போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூணூல் போட்ட நாளிலிருந்து சந்தியாவந்தனத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குகிறவர் அவர்.

"பழக்க தோஷம். மூச்சை அடக்குன்னா கை தானா மூக்குக்குப் போயிடும். கட்டிடுங்கோளேன்" என்றேன்.

டெக்னீஷியனும் சிரித்தபடி உள்ளே போய் அவர் கைகளைப் பட்டையால் உடம்போடு சேர்த்துக் கட்டினார். அப்போது என் கணவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் மைக்கில் குனிந்து, "சித்த நாழி சும்மா இருங்கோன்னா" என்றேன். அதற்கப்புறம் சொன்னபோதெல்லாம் எப்படியோ மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"படம் அருமையா வந்திருக்கு" என்றார் டாக்டர். தசை முழுக்க ஏதோ படிந்திருக்கிறது, இதயம் விரிய முடியாமல் தவிக்கிறது, மூச்சு வாங்கத்தான் செய்யும் என்றார். தசையைத் துளி கிள்ளிச் சோதித்தால் உறுதியாகும். ஆனால் படிந்ததைக் கரைக்க மருந்தில்லை. சோம்பல் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

திரும்பும்போது ஆட்டோவில், மனசு ஆறாமல், "கட்டினதாலதான் படம் நன்னா வந்தது" என்றேன்.

"நான் மூக்கைப் பிடிக்கலைடி. மூச்சை அடக்க முடியலைன்னு கையைத் தூக்கினேன்."

"வாயைத் திறந்து சொல்லப்படாதோ?" அப்போதும் அதட்டல்தான்.

"சொல்ல வந்தேனே. நீதான் சும்மா இருங்கோன்னுட்ட."